கஸ்டர்ட் என்ன கலர்?

கிருமியின் பெயரைச் சொன்னால் போதும், அதன் குடும்பம், நிறம், எதில் வளரும், எதற்குச் சாகும் என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிற மருத்துவ மாணவர்கள் நீங்கள். அந்தத் தேர்வில் நான் உங்களிடம் தோற்றுவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு பாதிப் பெயர்கள் எனக்கு மறந்தே போய்விட்டன. ஒரு விஷயம் மட்டும் மறக்கவில்லை. வார்டுக்குள் நுழைந்ததும், 'இது எந்தக் கிருமி' என்று கேட்பதற்கு முன்னால், 'இந்த உடம்பில் எது கெட்டுக்கொண்டிருக்கிறது, எப்படிக் கெடுகிறது' என்று கேளுங்கள். இதை எனக்கு ஆழமாகப் பதிய வைத்தது ஒரு கல்யாணம். எனக்கு அழைப்பில்லாத கல்யாணம். ஆனால் மாப்பிள்ளை, மாமியார், பந்தி பரிமாறியவர்கள் உட்பட எல்லோரும் என்னிடம்தான் வந்து சேர்ந்தார்கள்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு சிறிய அரசு மருத்துவமனையில் அப்போது நான் தலைமை மருத்துவர். தலைமை என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் அங்கே மருத்துவர் என்றால் நான் ஒருத்திதான். எனக்குத் துணை ஜெயந்தி சிஸ்டர். எங்களுடைய மூத்த செவிலியர். எவ்வளவு கூட்டம் வந்தாலும் குரலை உயர்த்த மாட்டார். புருவத்தை மட்டும் உயர்த்துவார், கூட்டம் அடங்கிவிடும். மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியிருந்த மாதம் அது. எந்தக் காய்ச்சலைப் பார்த்தாலும் டெங்குவோ என்று ஊரே பயந்துகொண்டிருந்தது.

முதல் ஆட்டோவில் பட்டுச் சேலை கட்டிய இரண்டு பெண்கள், மடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அடுத்த ஆட்டோவில் குழந்தைகள். அதன் பின்னால் ஒரு வேன். வேனுக்குப் பின்னால் பூ ஜோடித்த கார். கார்க் கதவைத் திறந்துகொண்டு தங்க ஜரிகை வேலை செய்த ஷெர்வானியில் மாப்பிள்ளை இறங்கினார், வேப்பமரத்தடிக்கு ஓடினார், குனிந்தார். அதற்குமேல் எதுவும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

பெண்ணின் அப்பா கமால் பாய் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார். மாமல்லபுரத்தில் அரிசிக் கடை வைத்திருப்பவர். ஒரே மகள் நஸ்ரின். அவளுடைய கல்யாணத்துக்குத்தான் இந்தக் கதி.

"மேடம், அந்த பிரியாணி மாஸ்டர் என் மானத்த வாங்கிட்டான் மேடம். கெட்டுப்போன கறியப் போட்டு ஆக்கிட்டான். எல்லாருக்கும் நல்ல ஆண்டிபயாடிக்கா ஒரு ஊசி போட்டுடுங்க. இங்க இல்லன்னா சொல்லுங்க, செங்கல்பட்டுல வாங்கியாந்துடறேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மாஸ்டரே பைக்கில் வந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பைக்குகளில் கோபமான உறவினர்கள். மாஸ்டர் நேராக என் மேஜைக்கு வந்து நெஞ்சில் கை வைத்தார்.

"மேடம், நீயே சொல்லு மேடம். நானும் அதே பிரியாணி டபராவுலதான் சாப்ட்டேன். எனக்கு ஒண்ணும் ஆவல. இவனுங்க என்னை அடிக்க வர்றானுங்க. பேஜாரா கீது மேடம்."

"பாய், மாஸ்டர், ரெண்டு பேரும் அந்தப் பெஞ்சில் உட்காருங்கள்" என்றேன். ஜெயந்தி சிஸ்டர் புருவத்தை உயர்த்தினார். உட்கார்ந்தார்கள்.

இப்படி ஒரு கூட்டம் உங்களைச் சூழ்ந்து நிற்கும்போது, அதற்கு ஒரு தீர்ப்பும் ஒரு ஊசியும் உடனே வேண்டும். அந்த இரண்டையும் கொடுத்துவிட்டால் கூட்டம் கலைந்துவிடும், நமக்கும் நிம்மதி. அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். வாடிப்போயிருந்த குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் முதலில் டிரிப்ஸ் ஏற்றச் சொன்னேன். மற்றவர்களுக்கு உப்பு சர்க்கரைக் கரைசல். கைகள் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்க, வாய் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது. எப்போது சாப்பிட்டீர்கள்? எப்போது குமட்டியது? காய்ச்சல் உண்டா?

எல்லோரும் மதியப் பந்தியில் உட்கார்ந்தவர்கள். பந்தியிலிருந்து எழுந்து சில மணி நேரத்துக்குள் வாந்தி. யாருக்கும் உடம்பு சுடவில்லை.

இங்கேதான் என் முதல் கேள்வி உதவியது. ஒரு கிருமி வயிற்றுக்குள் போய், அங்கே பெருகி, குடலைத் தாக்கி நோயைக் கொண்டுவர நேரம் பிடிக்கும். இவ்வளவு சீக்கிரம் இத்தனை பேரை வீழ்த்த வேண்டுமென்றால், கிருமி தன் வேலையைப் பாத்திரத்திலேயே முடித்துவிட்டிருக்க வேண்டும். உணவில் பெருகி, அதில் நஞ்சைக் கக்கி வைத்திருக்க வேண்டும். அந்த நஞ்சு குடலின் நரம்புகளைச் சீண்டும், நரம்புகள் மூளையை எழுப்பும், மூளை எல்லாவற்றையும் வெளியே தள்ளச் சொல்லும். நஞ்சு வெளியேறியதும் ஆள் தேறிவிடுவார். இதற்கு ஆண்டிபயாடிக் ஊசி எதற்கு? கொல்வதற்கு உள்ளே ஆளே இல்லையே. இழந்த நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்தால் போதும்.

சரி, எந்தப் பாத்திரம்? உடம்பு முடியாதவர்களைக் கேட்டுப் பயனில்லை; எல்லோரும் எல்லாவற்றையும் சாப்பிட்டிருப்பார்கள். நன்றாக இருப்பவர்களைத் தேடினேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கல்லுக்குண்டு மாதிரி நின்று எல்லோருக்கும் விசிறிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் சாப்பிடவில்லையா?"

"சாப்டாம? பிரியாணி ரெண்டு தபா வாங்கனேன் மேடம். இனிப்புதான் தொடல. சுகர் கீது."

பெஞ்சிலிருந்து மாஸ்டர் துள்ளி எழுந்தார். "கேட்டியா பாய்? கேட்டியா?"

இனிப்பு என்றால் பழம் போட்ட கஸ்டர்ட். குழந்தைகள்தான் அதைக் கேட்டுக் கேட்டு வாங்கியிருந்தார்கள். அவர்கள்தான் மற்ற எல்லோரையும்விடத் துவண்டிருந்தார்கள். "அந்தக் கஸ்டர்டை யார் செய்தது?" என்று கேட்டேன்.

கமால் பாய் மெதுவாக எழுந்தார். "நான்தான் மேடம். பொண்ணு கல்யாணத்துக்கு ஒண்ணாவது என் கையால பண்ணணும்னு... நேத்து சாயங்காலமே பழம் வெட்டி, பால் காச்சி, அண்டாவுல ஊத்தி வெச்சேன்."

"எந்தக் கையால்?"

அவர் வலது கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கட்டைவிரலில் அழுக்கேறிய ஒரு கட்டு. அரிசி மூட்டை தைக்கும் கோணி ஊசி குத்தியதாம். அவிழ்த்தால், நகத்தோரம் சீழ் கோத்திருந்தது. சீழில் குடியிருந்த ஸ்டெஃபைலோகாக்கஸ், பழத்தோடு அண்டாவில் இறங்கி, ஃப்ரிட்ஜில் இடமில்லாத ஒரு கல்யாண வீட்டில், வெதுவெதுப்பான பாலில் விடிய விடியப் பெருகியிருக்கிறது. மிச்சமிருந்த கஸ்டர்டிலும் அந்தச் சீழிலும் அதே கிருமிதான் என்று ஆய்வகம் பின்னால் சொன்னது.

பாயின் முகம் இருண்டுவிட்டது. எல்லோர் முன்னாலும் மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மாஸ்டர்தான் பேசினார். "வுடு பாய். பாசத்துல பண்ணிட்ட. பேரன் பொறந்தா, அந்த விருந்துக்கு கஸ்டர்டையும் என்னாண்ட வுட்ரு."

ஒரு பெண் வாளியைப் பிடித்தபடியே சிரித்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் மருத்துவமனைத் தாழ்வாரம் கல்யாண மண்டபமாக மாறிவிட்டது. குழந்தைகள் செல்போன் கேட்டு அழத் தொடங்கினார்கள். அது தேறி வருவதற்கான அடையாளம். டிரிப்ஸோடு படுத்திருந்த மாப்பிள்ளையின் கையைச் சிநேகிதர்கள் குலுக்கினார்கள். "மச்சான், மாமனாரு மொத சீரு குளுகோஸ் பாட்டிலா குடுத்துட்டாரு, வாங்கிக்கோ."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஜெயந்தி சிஸ்டர் என் அருகில் வந்தார்.

"மேடம், கடைசிக் கட்டில்ல இருக்கிற அம்மாவுக்கு பிரஷர் ஏறவே இல்ல. ரெண்டாவது பாட்டில் போய்ட்டிருக்கு. மூச்சு வேற வாங்குது."

அந்த அம்மாவின் பெயர் தனம். படாளத்துப் பக்கம் சொந்தமாக நெல் பயிரிடுபவர். நஸ்ரின் கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து கமால் பாயின் கடைக்கு நெல் கொடுக்கிறவர். கடைக்கு வரும்போதெல்லாம் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாராம். அவளுக்கு இவர் அத்தை. யாராக இருந்தாலும் 'நீ' என்றுதான் பேசுவார். வந்தபோது அவரும் வாந்தி எடுத்தார்; ஆகவே எல்லோரோடும் சேர்த்துப் படுக்க வைத்து, எல்லோருக்கும் ஏற்றியதையே ஏற்றியிருந்தோம்.

அருகில் போய் நின்று பார்த்தேன். மற்றவர்கள் கூச்சலிட்டுக்கொண்டிருக்க, இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. புழுக்கமான அந்தக் கூடத்தில் போர்வையைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்தியிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. முகம் உப்பியிருந்தது.

"தனம்மா, மதியம் சாப்பிட்டீர்களா?"

"ஆங். நல்லா சாப்ட்டேன்."

"என்ன சாப்பிட்டீர்கள்?"

"பிரியாணி. அப்பறம் அந்த வெங்காயம். எல்லாந்தான்."

"கஸ்டர்ட்?"

"அதுவுந்தான். ஒரு கப்பு."

எனக்கு எதுவோ உறுத்தியது. பேச்சை விடாமல், "கஸ்டர்ட் என்ன கலர்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "வெள்ளையா இருந்துச்சே."

"மஞ்சள் அக்கா!" என்று என் பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினால் கமால் பாய். கட்டிலின் கால்மாட்டில் கலங்கிப்போய் நின்றுகொண்டிருந்தார்.

பாயை மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தோம். குனிந்து, தாழ்ந்த குரலில், "இப்போது சொல்லுங்கள். என்ன சாப்பிட்டீர்கள்?" என்றேன்.

தனம் திரை இடுக்கு வழியாகப் பாய் போய்விட்டாரா என்று பார்த்தார். பிறகு, "ஒண்ணும் சாப்புடல டாக்டரம்மா. எலய மடிச்சிட்டு எந்திரிச்சிட்டேன். வாய்ல வெச்சாலே கொமட்டுது. பாயாண்ட சொல்லிடாத. கல்யாண வூட்ல கை நனைக்காம போனா அவருக்கு மனசு கஷ்டமாப் பூடும்" என்றார்.

"எத்தனை நாளாகக் குமட்டல்?"

"அத்த வுடு. ஒரு வாரமா காச்சல். தல ரெண்டா பொளக்குது. காலையில ரெண்டு மாத்திர போட்டுக்கினு பஸ் ஏறிட்டேன். நஸ்ரின் கல்யாணத்துக்கு வராம எப்பிடி?"

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அவர் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. விருந்து வைத்தவரின் மனம் நோகக் கூடாது என்று நினைத்தார். நோயாளி சொல்வது மருத்துவருக்கு மட்டும் சொல்லப்படும் பதிலாக எப்போதும் இருக்காது. பக்கத்தில் நிற்கிறவருக்கும் சேர்த்துத்தான் அது சொல்லப்படும். மகன் நின்றால் ஒரு பதில், கணவன் நின்றால் ஒரு பதில். பதில் பொருந்தவில்லை என்று தோன்றினால், பக்கத்தில் நிற்பவரை அனுப்பிவிட்டு அதே கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள்.

கஸ்டர்டைத் தொடாதவருக்குக் கஸ்டர்டின் நஞ்சு எப்படி வரும்? அப்படியானால் இந்த உடம்பில் கெட்டுக்கொண்டிருப்பது வேறு. காய்ச்சல் மாத்திரை வெப்பத்தை மறைத்திருக்கிறது. இரண்டு பாட்டில் நீர் உள்ளே போயும் பிரஷர் ஏறவில்லை, மாறாக மூச்சு வாங்குகிறது. அப்படியென்றால் ஏற்றிய நீர் குழாய்களுக்குள் தங்கவில்லை. எங்கோ கசிகிறது.

"வயலில் என்ன வேலை செய்தீர்கள்?"

"இன்னா வேல? மாட்டுக்குப் புல்லு அறுத்தேன். மழையில வரப்பெல்லாம் இடுப்பு மட்டும் வளந்து கெடக்குது."

ஜெயந்தி சிஸ்டர் என்னைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே எண்ணம். காது மடலின் பின்புறத்திலிருந்து தேடத் தொடங்கினோம். கழுத்து, அக்குள், மார்பின் அடிப்பகுதி. தனத்துக்கு அந்த நிலையிலும் கோபம் வந்துவிட்டது.

"இன்னா டாக்டரம்மா, வாந்தின்னு வந்தா உடம்பெல்லாம் தேடிக்கினு கீற? நான் இன்னா நகையா ஒளிச்சி வெச்சிருக்கேன்?"

பாவாடை நாடாவின் முடிச்சைத் தளர்த்தியதும் கிடைத்தது. முடிச்சு அழுத்தும் இடத்துக்கு நேர்கீழே, சிகரெட்டால் சுட்டது போல ஒரு சின்னக் கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த விளிம்பு. வலிக்காது, அரிக்காது. இப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஸ்க்ரப் டைபஸ். நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். புல்லில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி கடித்து உள்ளே விடும் பாக்டீரியா. கடித்த இடத்தைக் கருக்கிவிட்டு ரத்தத்தில் இறங்கும். ரத்தக் குழாய்களின் உட்புறத்தில் ஓர் அடுக்குச் செல்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கின்றன அல்லவா, அவற்றுக்குள்ளேயே புகுந்து பெருகும். செல்கள் நொந்து விலகும், குழாய்கள் கசியும். முகம் உப்புவதும் பிரஷர் இறங்குவதும் அதனால்தான். நாம் ஏற்றுகிற நீரும் அதே ஓட்டைகள் வழியாக நுரையீரலில் போய் நிற்கும். பக்கத்துக் கட்டில் குழந்தையைப் பிழைக்க வைத்த அதே பாட்டில், இவரை மூழ்கடித்திருக்கும்.

டிரிப்ஸைக் குறைத்தேன். ஆக்ஸிஜன் வைத்தோம். எங்கள் மருந்தகத்திலேயே டாக்சிசைக்ளின் இருந்தது. விலை மலிவான, பழைய மாத்திரை.

"ரத்தம் எடுத்து அனுப்பிட்டேன் மேடம். ரிசல்ட் வர வரைக்கும் காத்திருக்கலாமா?" என்றார் ஜெயந்தி சிஸ்டர்.

"வேண்டாம். வருவதற்குள் கொடுத்துவிடலாம்."

இதில் நான் ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை. காத்திருந்தால் இழப்பது ஓர் உயிர். கொடுத்துவிட்டுத் தவறாகப் போனால் இழப்பது ஒரு மாத்திரை. சற்று முன்னால் ஒரு கூட்டமே கேட்டும் ஆண்டிபயாடிக் கொடுக்க மறுத்தவள், யாருமே கேட்காத இந்தக் கட்டிலுக்கு அதை அவசரமாகக் கொடுத்தேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அங்கே கிருமி உள்ளே இல்லை, இங்கே செல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது. முதலில் வாந்திக்கு ஊசி, அது அடங்கியதும் மாத்திரை. மாத்திரை வயிற்றில் தங்கும் வரை ஜெயந்தி சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அவரைச் செங்கல்பட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியாக வேண்டும். ஆம்புலன்ஸ் வந்தது. கூட யார் போவது? படாளத்திலிருந்து வீட்டு ஆட்கள் வந்து சேர நேரமாகும். பாய் தலைசுற்றி உட்கார்ந்திருந்தார்; தான் செய்த கஸ்டர்டை அவரும் சாப்பிட்டவர்தானே. அப்போது நஸ்ரின் வந்தாள். போட்டோ எடுத்து எடுத்தே மதியம் முழுக்கச் சாப்பிட விடவில்லையாம். அதனால் அவளுக்கு ஒன்றுமில்லை. சிவப்புப் பட்டு, கை நிறைய மருதாணி.

"நான் போறேன் மேடம். எங்க அத்தைதானே."

இன்னும் புகுந்த வீட்டுப் படி ஏறாத பெண். எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் வாளியைக் கீழே வைத்தார், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "போய்ட்டு வா கண்ணு. மாப்ள இங்கதான டிரிப்ஸ் போட்டுக்கினு படுத்துனு கீறான், எங்க ஓடிடப் போறான்?"

சைரன் சத்தத்தோடு கல்யாணப் பெண் செங்கல்பட்டுக்குப் போனாள்.

இங்கே இருந்தவர்கள் எல்லோரும் மறுநாள் காலைக்குள் வீடு திரும்பிவிட்டார்கள். தனத்துக்கு அப்படி இல்லை. பிரஷரைத் தூக்கி நிறுத்த மருந்து தேவைப்பட்டது. சிறுநீர் குறைந்து எங்களைப் பயமுறுத்தியது. மறுநாளும் காய்ச்சல் விடவில்லை. நான் போன் செய்துகொண்டே இருந்தேன். அங்கிருந்த மருத்துவர் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். நஸ்ரினின் மறுவீட்டு விருந்து தள்ளிப்போயிற்று. தேறி எழுந்த மாப்பிள்ளை நேராக வார்டுக்குப் போய், புது மனைவியோடு மாறி மாறிக் காவல் இருந்தாராம். அவர்களுடைய முதல் குடித்தனம் வார்டு வாசல் பெஞ்சில்தான் நடந்தது என்று பின்னால் நஸ்ரின் சொல்லிச் சிரிப்பாள்.

மூன்றாம் நாள் காலையில் நானே கிளம்பிப் போனேன். வார்டை நெருங்கும்போதே குரல் கேட்டது.

"இன்னா டாக்டர் தம்பி நீ, ஊசி குத்தத் தெரியுது, தல வாரத் தெரியாதா? பாரு எப்பிடிக் கெடக்குது."

தனம் எழுந்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் விட்டிருந்தது. மருந்து இல்லாமலே பிரஷர் இறங்காமல் நின்றது. இளம் மருத்துவர் ஒருவர் வெட்கத்தோடு தலைமுடியைக் கோதிக்கொண்டிருக்க, வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் ரசித்துக்கொண்டிருந்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு அன்றுதான் வந்தது. ஸ்க்ரப் டைபஸ் என்றது. அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். நோயாளி தேறி உட்கார்ந்து அதை முன்னாலேயே சொல்லிவிட்டார்.

வார்டு வாசலில் கமால் பாய் நின்றிருந்தார். கட்டைவிரலில் வெள்ளை வெளேரென்று புதுக் கட்டு. என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் அதையேதான் செய்தேன். நம் வேலையில் இப்படிப்பட்ட காலைகள் உண்டு, நண்பர்களே. உங்களுக்கும் வரும். வரும்போது அடுத்த நோயாளியைப் பார்க்க உடனே ஓடிவிடாதீர்கள். ஓர் ஐந்து நிமிடம் நின்று அனுபவியுங்கள்.

அடுத்த மழைக்காலம் முடிந்த சமயம். புறநோயாளிகள் வரிசையில் சலசலப்பு. தலைநிமிர்ந்தால் தனம், ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரிசைக்கு வெளியே வருகிறார்.

"டாக்டரம்மா, இது என் நாத்தனாரு. முந்தா நாள்லேந்து காச்சல். புல்லு அறுக்கப் போனவதான். நானே தேடிட்டேன். அக்குளாண்ட கீது, கருப்பா. பாரு."

நாத்தனார் நாணத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். பார்த்தேன். அதேதான். ஆனால் காய்ச்சல் இப்போதுதான் தொடங்கியிருந்தது; பிரஷர் சரியாக இருந்தது, மூச்சு சீராக இருந்தது. கசிவு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. இந்த நோயை இவ்வளவு சீக்கிரத்தில், நடந்து வரும் ஆளிடம் நான் பார்த்தது அபூர்வம்.

"படுக்க வெக்கணுமா?" என்று கேட்டார் தனம்.

"வேண்டாம். மாத்திரை போதும். வீட்டுக்குப் போகலாம். மூச்சு வாங்கினால் மட்டும் உடனே வந்துவிடுங்கள்."

"அவ்ளோதானா?" என்றாள் நாத்தனார், நம்ப முடியாமல்.

"அவ்ளோதான். வா, பஸ்ஸு பூடும்" என்றார் தனம். மருந்தகத்தில் மாத்திரையை வாங்கிக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, இருவரும் சாலையைப் பார்த்து ஓடினார்கள்.